மைக்ரோசர்வீஸ் மென்பொருளை டெஸ்ட் செய்வது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

ஒரே பெரிய நிரலாக இல்லாமல், நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்ளும் பல சிறு சர்வீஸ்களாகப் பிரித்து எழுதியதே மைக்ரோசர்வீஸ் மென்பொருள். அப்படி ஒரு டீமில் புதிதாகச் சேரும் டெஸ்டர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “ஸ்டேஜிங் லிங்க் எது?” ஸ்டேஜிங் என்பது எல்லா சர்வீஸும் சேர்ந்து ஓடும் ஒத்திகைச் சூழல். லிங்க் கிடைத்ததும் திரையைத் திறந்து பட்டனை அழுத்த ஆரம்பிப்பார். இரண்டே நாளில் சிக்கிக்கொள்வார். ஏதோ ஃபெயில் ஆகும். எந்த சர்வீஸில், ஏன் என்று சொல்ல முடியாது. நான்கு டீமுக்கும் மெசேஜ் போகும். நான்கு டீமும் “எங்க பக்கம் சரியா இருக்கு” என்று பதில் போடும்.

அவர் செய்த டெஸ்டில் தவறில்லை, வரிசையில்தான் தவறு. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் எடுத்துக்கொண்டார். ஒரு பிழையை எவ்வளவு சிறிய இடத்தில் பிடிக்க முடியுமோ அங்கேயே பிடித்துவிட்டு அடுத்த வட்டத்துக்குப் போவதுதான் இந்த வழிகாட்டியின் வரிசை.

உதாரணத்துக்கு பஸ் டிக்கெட் பதிவு செய்யும் ஒரு மென்பொருளை வைத்துக்கொள்வோம். அதில் நான்கு சர்வீஸ்கள்: இருக்கை, பதிவு, கட்டணம், தகவல். பயணி இருக்கையைத் தேர்ந்தெடுத்ததும் ‘பதிவு’ சர்வீஸ், ‘இருக்கை’யிடம் அந்த இடத்தை 10 நிமிடம் பிடித்து வைக்கச் சொல்கிறது. பிறகு ‘கட்டணம்’ சர்வீஸிடம் பணத்தை வசூலிக்கச் சொல்கிறது. பணம் வந்ததும் “பதிவு உறுதி” என்று காஃப்காவில் (சர்வீஸ்களுக்கு இடையே செய்திகளை வாங்கி வைத்துக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்) ஒரு செய்தி போடுகிறது. ‘தகவல்’ அதைப் படித்து எஸ்எம்எஸ் அனுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்.

1. முதலில் ஒரு தாளும் பேனாவும்

சர்வீஸ்களைக் கட்டங்களாக வரைந்து, யார் யாரை அழைக்கிறார் என்று அம்புக்குறி போடுங்கள். ஒவ்வொரு அம்புக்குறி மேலும் மூன்று விஷயம் எழுதுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் அழைப்பா, செய்தியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதா? காத்திருந்தால் எத்தனை நொடி? பதில் வராவிட்டால் என்ன செய்யும்?

முதல் இரண்டும் சர்வீஸின் கோடிலேயே, அதாவது நிரலிலேயே, கிடைத்துவிடும். மூன்றாவதற்குப் பல இடங்களில் வெற்றிடம்தான் இருக்கும். டெவலப்பரிடம் போய்க் கேளுங்கள். “அதை யோசிக்கலையே” என்று பதில் வந்தால், ஒரு டெஸ்ட் கூட எழுதாமலே முதல் பிழையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். கட்டங்கள் 3, 4-ஆம் படிகளுக்கும், அம்புக்குறிகள் 5, 6, 7-ஆம் படிகளுக்கும் தேவைப்படும்.

2. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

உங்கள் கணினியில் டாக்கர் (ஒவ்வொரு மென்பொருளையும் ‘கன்டெய்னர்’ என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட வேண்டும். ஒவ்வொரு சர்வீஸும் மற்றவை இல்லாமல், ஒரே கட்டளையில் தனியாக எழுந்து நிற்க வேண்டும். பக்கத்து சர்வீஸின் முகவரி கோடுக்குள் எழுதப்படாமல் வெளியே என்விரான்மென்ட் வேரியபிளில் (கோடைத் தொடாமல் மாற்றக்கூடிய அமைப்பில்) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் போலி சர்வீஸைச் செருக முடியாது. இதில் ஒன்று குறைந்தாலும் டெஸ்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு அதை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை.

ஒரு கோரிக்கை எந்தெந்த சர்வீஸுக்குள் போய் வந்தது என்று தொடர, எல்லா லாக் (சர்வீஸ் தான் செய்ததை எழுதிவைக்கும் குறிப்பு) வரிகளிலும் ஒரே அடையாள எண் இருக்க வேண்டும். இதற்கான ஓப்பன்டெலிமெட்ரி கருவியைப் போட்டிருந்தால் ‘டிரேஸ்பேரன்ட்’ என்ற ஹெடரில் அது சர்வீஸிலிருந்து சர்வீஸுக்குப் போகும். இல்லையென்றால், 8-ஆம் படியில் நான்கு லாக் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் நேரம் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கடிகாரமும் வெளியிலிருந்து கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும். 10 நிமிடப் பிடிப்பு காலாவதியாவதைச் சோதிக்க நிஜமாகவே 10 நிமிடம் காத்திருக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. கன்டெய்னர்கள் பொதுவாக யூடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடும். உங்கள் லேப்டாப் இந்திய நேரத்தில் இருக்கும். இரவு 12 மணி முதல் காலை 5.30 வரை இரண்டுக்கும் தேதியே வேறு. பகலெல்லாம் பாஸ் ஆகி, நள்ளிரவில் தானாக ஓடும் பில்டில் மட்டும் ஃபெயில் ஆகும் ஒரு டெஸ்டை நாங்கள் மூன்று நாள் துரத்தினோம். காரணம் இதுதான்.

3. ஒரு சர்வீஸுக்குள் இருக்கும் விதிகள்

கட்டணக் கணக்கு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், குழந்தைக்கு அரை டிக்கெட்டா என்பது போன்ற விதிகளுக்கு, ஒரு சிறு கோடு துண்டை மட்டும் தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் போதும். நெட்வொர்க் வேண்டாம், டேட்டாபேஸ் வேண்டாம். ஒற்றை மென்பொருளில் செய்வதுபோலத்தான், புதிதாகச் சொல்ல ஏதுமில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு டெஸ்டில் பத்து வரி மாக்கும் (போலியை அமைக்கும் வரிகள்) ஒரு வரி சரிபார்ப்பும் இருந்தால், அங்கே சோதிக்க விதி எதுவும் இல்லை என்று பொருள். அதை அழித்துவிட்டு அடுத்த படியில் எழுதுங்கள்.

4. ஒரு சர்வீஸ், உண்மையான டேட்டாபேஸ், போலியான அக்கம்பக்கம்

இப்போது ‘இருக்கை’ சர்வீஸ் முழுவதையும் எழுப்புங்கள். அதன் டேட்டாபேஸ் உண்மையான போஸ்ட்கிரெஸாக, பயணிகள் நிஜமாகப் பயன்படுத்தும் சூழலான புரொடக்‌ஷனில் ஓடும் அதே பதிப்பாக இருக்கட்டும். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் நூலகம் டெஸ்ட் தொடங்கும்போது கன்டெய்னரை எழுப்பி, முடிந்ததும் அழித்துவிடும்.

வேகமாக ஓடுகிறதே என்று எச்2 மாதிரி நினைவகத்தில் ஓடும் டேட்டாபேஸை வைத்துக்கொள்ள ஆசை வரும். வேண்டாம். இரண்டு பயணிகள் ஒரே நேரத்தில் 14-ஆம் இருக்கையைக் கேட்டால் ஒருவருக்கு மட்டும் கிடைக்க வேண்டும். இந்த சர்வீஸின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது டேட்டாபேஸ் போடும் லாக்கும் (பூட்டு), ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடும். இரண்டு டேட்டாபேஸிலும் லாக் ஒரே மாதிரி விழாது. ஆகவே போலியில் கிடைத்த பச்சை விளக்கை நம்ப முடியாது. ஒரே இருக்கைக்கு 20 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பி, சரியாக ஒன்று மட்டும் வெற்றி பெறுகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு டெஸ்ட் நூறு யூனிட் டெஸ்டுக்குச் சமம்.

‘பதிவு’ சர்வீஸைச் சோதிக்கும்போது ‘இருக்கை’யும் ‘கட்டணம்’ சர்வீஸும் நிஜமாக வேண்டியதில்லை. வயர்மாக் போன்ற போலி சர்வர் ஒன்றை அந்த முகவரியில் நிறுத்தி, “இந்தக் கேள்விக்கு இந்தப் பதில்” என்று சொல்லிக்கொடுங்கள். 200 (வெற்றி) மட்டும் போதாது. 404 (இல்லை), 409 (மோதல்), 500 (சர்வர் பிழை) மூன்றையும் சொல்லிக்கொடுங்கள்.

புதியவர்கள் இங்கே தடுக்கி விழும் இடங்கள்:

போர்ட் எண்ணை நிலையாக எழுதுவது. உங்கள் கணினியில் போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட்டான 5432 காலியாக இருக்கும். பைப்லைனில் (கோடைத் தானாகக் கட்டி டெஸ்ட் செய்யும் அமைப்பில்) இன்னொரு பில்ட் அதைப் பிடித்திருக்கும். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் ஒவ்வொரு முறையும் காலியான ஒரு போர்ட்டைத் தரும், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கன்டெய்னருக்குள்ளிருந்து ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று அழைப்பது. அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான், உங்கள் லேப்டாப் இல்லை. ஒரே நெட்வொர்க்கில் உள்ள கன்டெய்னர்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும்.

பல கன்டெய்னர்களை ஒன்றாக எழுப்பும் டாக்கர் கம்போஸில் ‘டிபென்ட்ஸ் ஆன்’ போட்டுவிட்டால் டேட்டாபேஸ் தயாராகும் வரை காத்திருக்கும் என்று நம்புவது. வெறுமனே போட்டால், கன்டெய்னர் தொடங்கியதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு அது நகர்ந்துவிடும். ஹெல்த்செக் (தயாரா என்று கேட்கும் சோதனை) எழுதி, அது தேறினால்தான் அடுத்தது எழ வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

5. கான்ட்ராக்ட் டெஸ்ட்: இங்கே அதிக நேரம் செலவிடுங்கள்

நான்காம் படியில் ஒரு ஓட்டை இருக்கிறது. போலிக் ‘கட்டணம்’ சொல்லும் பதிலை எழுதியது யார்? நாம்தான். நிஜமான ‘கட்டணம்’ அப்படித்தான் பதில் சொல்கிறது என்று யார் உறுதி சொன்னது? யாரும் இல்லை.

நான் வேலை செய்த ஓரிடத்தில் இந்த ஓட்டை வழியாகவே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனது. ஒரு டீம் பதிலில் இருந்த நிலையின் பெயரைப் பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்துக்கு மாற்றியது. அவர்கள் டெஸ்ட் எல்லாம் பச்சை. எங்கள் டெஸ்டும் பச்சை, ஏனென்றால் எங்கள் போலி இன்னும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. புரொடக்‌ஷனில் மட்டும் பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் “தோல்வி” என்று வந்தது.

இதை அடைப்பதுதான் கான்ட்ராக்ட் டெஸ்ட். பேக்ட் என்ற கருவியை வைத்துச் சொல்கிறேன்; மற்றவையும் ஏறக்குறைய இப்படித்தான்.

முதலில் அழைக்கும் பக்கம், அதாவது ‘பதிவு’ டீம், தன் எதிர்பார்ப்பை ஒரு டெஸ்டாக எழுதும்: இப்படிக் கேட்பேன், பதிலில் இந்த ஃபீல்டுகள் (தகவல் புலங்கள்) இந்த வகையில் வர வேண்டும். டெஸ்ட் ஓடியதும் அதிலிருந்து ஒரு ஜேசன் (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) கோப்பு பிறக்கும். அதுதான் ஒப்பந்தம். அது பேக்ட் புரோக்கர் என்ற பொது இடத்துக்குப் போகும். பிறகு பதில் தரும் பக்கம், ‘கட்டணம்’ டீம், தன் பைப்லைனில் அந்தக் கோப்பை இறக்கி, நிஜமான தன் சர்வீஸின் மேல் ஓட்டிப் பார்க்கும். ஒப்பந்தம் உடைந்தால் அவர்கள் பில்டே நின்றுவிடும். மாற்றத்தைச் செய்தவர் கண்ணிலேயே படும். வெள்ளிக்கிழமை நம் கண்ணில் படாது.

அழைக்கும் பக்கம் முதலில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பதில் தருபவருக்குத் தன் ஏபிஐயில் (மற்ற சர்வீஸ்கள் அழைக்கும் வாசலில்) 40 ஃபீல்டு இருப்பது தெரியும். அதில் எந்த மூன்றை யார் நம்பியிருக்கிறார்கள் என்பது தெரியாது. அந்த மூன்று தெரிந்துவிட்டால் மீதி 37-ஐத் தயங்காமல் மாற்றலாம்.

அடுத்து, டிப்ளாய் செய்யும் (புதிய பதிப்பை நிஜச் சூழலில் ஏற்றும்) முன் ‘கேன் ஐ டிப்ளாய்’ என்ற கட்டளையை ஓட்டுங்கள். என் புதிய பதிப்பு, இந்த நிமிடம் புரொடக்‌ஷனில் இருக்கும் மற்ற பதிப்புகளோடு ஒத்துப்போகுமா என்று புரோக்கர் பார்த்துச் சொல்லும். ஒவ்வொரு டிப்ளாய்க்குப் பிறகும் அதைப் புரோக்கரில் பதியாவிட்டால் இந்தக் கேள்விக்கு அது எதை வைத்துப் பதில் சொல்லும்? இந்தப் பதிவை மறப்பவர்கள்தான் அதிகம்.

மற்ற தவறுகளும் உண்டு. “தொகை 450 என்று வர வேண்டும்” என எழுதாதீர்கள். “தொகை என்ற எண் வர வேண்டும்” என வகையைக் குறிப்பிடுங்கள். நீங்கள் படிக்காத ஃபீல்டை ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள், நாளை அது மாறும்போது காரணமில்லாமல் அடுத்த டீமின் பில்டை நிறுத்துவீர்கள். “கார்டு மறுக்கப்பட்டது” போன்ற நிலைகளுக்கு, பதில் தரும் பக்கத்தில் அந்தச் சூழலை உருவாக்கும் சிறு கோடு வேண்டும். அதை எழுதச் சோம்பல்பட்டு நல்ல வழியை மட்டும் ஒப்பந்தமாக்குவது பாதிக் கிணறு தாண்டுவதுதான்.

கான்ட்ராக்ட் டெஸ்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அது வடிவத்தைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது. 450 என்பது ரூபாயா பைசாவா என்று அதற்குத் தெரியாது. ஃபீல்டின் பெயரிலேயே ‘பைசாவில் தொகை’ என்று வைத்துவிடுங்கள் என்பது என் கட்சி. இதற்காக ஏற்கெனவே இரண்டு டீமோடு சண்டை போட்டிருக்கிறேன்.

6. காஃப்கா வழியாகப் போகும் செய்திகள்

இங்கே பதில் உடனே வராது, அதனால் டெஸ்ட் எழுதுபவர் “5 நொடி தூங்கு” என்று ஒரு வரி போட்டுவிடுவார். வேகமான கணினியில் அது வீண். மெதுவான பைப்லைனில் அது போதாது. சிறு இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்த்து, நிபந்தனை நிறைவேறியதும் நகரும்படி எழுதுங்கள். ஜாவாவில் அவெயிட்டிலிட்டி இதைத்தான் செய்கிறது.

“செய்தி போட்டேன், கன்ஸ்யூமருக்கு வரவே இல்லை” என்பது அடுத்த புகார் (கன்ஸ்யூமர் என்றால் செய்தியைப் படிக்கும் பக்கம்). புதிய கன்ஸ்யூமர் குழுவுக்குக் காஃப்காவின் இயல்பான அமைப்பு ‘லேட்டஸ்ட்’. தான் சேர்ந்த பிறகு வரும் செய்திகளைத்தான் படிக்கும். டெஸ்டில் செய்தி முந்திக்கொண்டால் அது கண்ணுக்கே தெரியாது. ஆட்டோ ஆஃப்செட் ரீசெட் என்ற அந்த அமைப்பை ‘எர்லியஸ்ட்’ என்று வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிய குழுப் பெயர் கொடுங்கள்.

வழக்கமான அமைப்பில் ஒரு செய்தி குறைந்தது ஒருமுறை வரும். இரண்டாம் முறையும் வரலாம். ஆகவே அதே செய்தியை வேண்டுமென்றே இரண்டு முறை அனுப்பி, ஒரே ஒரு எஸ்எம்எஸ்தான் போகிறதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ் இரண்டு போனால் பயணி சிரித்துவிட்டுப் போவார், பணம் இரண்டு முறை போனால் சிரிக்க மாட்டார்.

வரிசையும் முக்கியம். செய்திகள் பார்ட்டிஷன் என்ற பிரிவுகளாகப் பிரிந்து கிடக்கும்; ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் காஃப்கா வரிசையைக் காப்பாற்றும். பதிவு எண்ணைக் கீயாக (எந்தப் பார்ட்டிஷன் என்று தீர்மானிக்கும் சாவியாக) வைத்தால் ஒரு பதிவின் “உறுதி”யும் “ரத்து”ம் ஒரே பார்ட்டிஷனில் விழும். டெஸ்ட் சூழலில் ஒரே ஒரு பார்ட்டிஷன் வைத்திருந்தால் இந்தப் பிழை ஒருநாளும் தென்படாது. குறைந்தது மூன்று வையுங்கள்.

ஒன்று நடக்கவில்லை என்பதை எப்படிச் சோதிப்பது? ரத்தான பதிவுக்கு எஸ்எம்எஸ் போகக் கூடாது. எவ்வளவு நேரம் காத்திருந்து “போகவில்லை” என்று முடிவு செய்வது? ரத்துச் செய்திக்குப் பின்னாலேயே அதே கீயோடு, கண்டிப்பாக எஸ்எம்எஸ் போகக்கூடிய இன்னொரு செய்தியை அனுப்புங்கள். இரண்டாவதன் எஸ்எம்எஸ் வந்துவிட்டால் முதலாவது படிக்கப்பட்டுவிட்டது உறுதி. அப்போது எண்ணிப் பாருங்கள்: ஒன்று இருந்தால் சரி, இரண்டு இருந்தால் பிழை. கன்ஸ்யூமர் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கையாளும் வரை இந்த வித்தை செல்லும்.

உடைந்த ஜேசன் ஒன்றையும் அனுப்பிப் பாருங்கள். அதிலேயே முட்டி நின்று, பின்னால் வரும் நல்ல செய்திகளையும் தடுக்கிறதா, அல்லது அதை ஒதுக்கிவைத்துவிட்டு நகர்கிறதா?

7. வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

முதல் படியில் எழுதிய “பதில் வராவிட்டால்?” என்ற குறிப்புகளை இப்போது எடுங்கள்.

செத்துப்போன சர்வீஸைவிட மெதுவான சர்வீஸ் மோசம். செத்தது உடனே “இல்லை” என்று சொல்லிவிடும். மெதுவானது உங்கள் கனெக்‌ஷன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டு உங்களையும் சாகடிக்கும். ஆகவே ‘கட்டணம்’ சர்வீஸை நிறுத்திப் பார்ப்பதோடு விடாமல், நெட்வொர்க் கோளாறுகளைச் செயற்கையாக உண்டாக்கும் டாக்ஸிபிராக்ஸியை நடுவில் வைத்து 30 நொடி தாமதம் கொடுங்கள். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்திலும் கோ மொழியின் இயல்பான எச்டிடிபி கிளையன்டிலும் நீங்கள் சொல்லாவிட்டால் பதிலுக்குக் காத்திருக்க டைம்அவுட்டே (நேர வரம்பே) கிடையாது. இந்த ஒரு டெஸ்டில் அது வெளியே வந்துவிடும்.

ரீட்ரையை (தோற்ற அழைப்பை மறுபடி முயல்வதை) எண்ணுங்கள். கடைசி சர்வீஸுக்கு முன்னால் மூன்று அடுக்கு சர்வீஸ்கள், ஒவ்வொன்றும் அழைப்பை மொத்தம் மூன்று முறை முயல்கிறது என்றால், கடைசியில் இருப்பவருக்கு ஒரு கிளிக்குக்கு 27 அழைப்பு போகும். ஏற்கெனவே தள்ளாடுபவரைப் பிடித்துத் தள்ளுவது மாதிரி. கடைசி சர்வீஸின் இடத்தில் எப்போதும் 500 சொல்லும் போலியை வைத்து, எத்தனை அழைப்பு வந்தது என்று அதையே கேளுங்கள்.

அப்புறம், மிகக் கொடுமையான நிலை: பணம் எடுக்கப்பட்டது, ஆனால் பதில் வழியில் தொலைந்தது. வெறும் போலியை வைத்து இதை முழுதாகச் சோதிக்க முடியாது; போலி பணத்தை எடுக்காது. நிஜமான ‘கட்டணம்’ சர்வீஸை எழுப்பி, டாக்ஸிபிராக்ஸியில் ‘டவுன்ஸ்ட்ரீம்’ (பதில் திரும்பி வரும்) திசையில் மட்டும் ‘டைம்அவுட்’ போடுங்கள். கோரிக்கை உள்ளே போகும், பதில் திரும்பாது. தடையை எடுத்ததும் ‘பதிவு’ மறுபடி முயலும். முதல் முயற்சியின் அதே அடையாளச் சாவியோடு (ஒரு கோரிக்கைக்கென்று இடும் தனி எண்) போனால் ‘கட்டணம்’ பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். அதன் டேட்டாபேஸில் எத்தனை முறை வசூல் பதிவாகியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

தோல்வி அதிகமானால் ‘திறந்து’ அழைப்புகளை நிறுத்திவைக்கும் சர்க்யூட் பிரேக்கரைச் சோதிக்கும் போது ஒரு பொறி. இதற்கான ஜாவா நூலகம் ரெசிலியன்ஸ்4ஜேயின் இயல்பான அமைப்பில் குறைந்தது 100 அழைப்பு போனால்தான் அது தோல்வி விகிதத்தைக் கணக்கிடும். பத்து தோல்வி கொடுத்துவிட்டு “திறக்கவே மாட்டேன் என்கிறது” என்று பிழை பதிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டெஸ்டுக்கு அந்த எண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புரொடக்‌ஷனில் நிமிடத்துக்கு நான்கு அழைப்பு வரும் சர்வீஸில் 100 என்று விட்டிருந்தால், அது நிஜமாகவே பிழைதான், பதியுங்கள்.

கடைசியாக, 10 நிமிடப் பிடிப்பு முடிந்து 11-ஆம் நிமிடத்தில் “பணம் வந்தது” என்று பதில் வந்தால்? இருக்கை வேறொருவருக்குப் போயிருக்கும். பணம் திரும்பிப் போக வேண்டும். கடிகாரத்தை நகர்த்தி இதைச் சோதியுங்கள்.

8. முழுப் பயணம்: கொஞ்சமாக

இப்போதுதான் ஸ்டேஜிங். நான்கு சர்வீஸும் நிஜமாகச் சேர்ந்து ஓட, தொடக்கம் முதல் முடிவு வரை ஐந்தாறு பயணங்கள் போதும்: பதிவு, பணம் மறுப்பு, ரத்து, அப்படி. முகவரி, கடவுச்சொல், நெட்வொர்க் அனுமதி எல்லாம் சரியாக இணைந்திருக்கிறதா என்று பார்ப்பதே இந்தப் படியின் வேலை. விதிகளை இங்கே சோதிக்காதீர்கள்.

ஏன் கொஞ்சம் என்று ஒரு கணக்கு. 20 சர்வீஸ்கள், ஸ்டேஜிங்கில் ஒவ்வொன்றும் 99 சதவீத நேரம் சரியாக இருக்கிறது என்றால், எல்லாம் ஒன்றாகச் சரியாக இருப்பது சுமார் 82 சதவீதம்தான். உங்கள் கோடில் எந்தப் பிழையும் இல்லாமலே ஐந்தாறு ஓட்டத்துக்கு ஒன்று சிவப்பாகும். ஒரு மாதத்தில் டீம் “மறுபடி ஓட்டு” பட்டனை அழுத்தப் பழகிவிடும். நிஜமான பிழை வரும் நாளிலும் அதே பட்டன்தான்.

ஒவ்வொரு டெஸ்டும் தனக்கான பயணியையும் பஸ்ஸையும் தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளட்டும். முடிந்ததும் துடைப்பதை நம்ப வேண்டாம். பாதியில் ஃபெயில் ஆன டெஸ்ட் துடைக்காமலே போய்விடும்.

9. டிப்ளாய் ஆகும் அந்தச் சில நிமிடங்கள்

புதிய பதிப்பு போகும்போது பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓடும், ஒரே டேட்டாபேஸின் மேல். டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை நேரடியாக மாற்றினால் அந்த நேரத்தில் பழையது விழும். புதிய டேபிள் அமைப்பின் மேல் பழைய கோடின் டெஸ்ட்களை ஓட்டிப் பாருங்கள். தாங்காவிட்டால் மாற்றத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள்: முதலில் புதிய நெடுவரிசையைச் சேர், இரண்டிலும் எழுது, பழைய தரவை நகர்த்து, யாரும் பழையதைத் தொடவில்லை என்று உறுதியான பிறகு நீக்கு. பின்வாங்க நேர்ந்தாலும் இதுவே காப்பாற்றும்.

காஃப்காவுக்கும் இது பொருந்தும். நேற்றைய வடிவத்தில் எழுதிய செய்திகள் இன்னும் வரிசையில் கிடக்கும். அவற்றில் சிலவற்றைக் கோப்பாகச் சேமித்து வைத்து, புதிய கன்ஸ்யூமருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

10. டெஸ்டே இல்லாமல் ஏற்கெனவே ஓடும் மென்பொருள் என்றால்

மேலே சொன்ன வரிசையை அப்படியே பிடிக்க முடியாது. முதல் படியின் தாளை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். கடந்த ஆறு மாதத்தில் புரொடக்‌ஷனில் வந்த சிக்கல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அது நடந்த கட்டத்தின் மேலோ அம்புக்குறியின் மேலோ ஒரு புள்ளியாக வையுங்கள். எங்கள் தாளில் பெரும்பாலான புள்ளிகள் இரண்டே அம்புக்குறிகளில் குவிந்தன. அந்த இரண்டுக்கும் கான்ட்ராக்ட் டெஸ்டும் ஒரு தாமத டெஸ்டும் எழுதி முடிக்க மூன்று வாரம் ஆனது. மூன்றாவது அம்புக்குறியை அதற்குப் பிறகுதான் தொட்டோம்.